முன்சீப் கோர்ட்ல இருந்து சம்மன் வந்துருக்கு, அந்த கோர்ட்டுக்கு என்ன அதிகாரம், அப்பா நேர்ல போகணுமா?

வரப்போரம்

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி தாலுகா, வடுவூர் பக்கம். போன வாரம் கோர்ட் அமீனா வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிகிட்டு ஒரு கட்டு பேப்பர் குடுத்துட்டு போனார், அதுல ஒரு சம்மன், பிராது நகல், அப்புறம் ஐ.ஏ.ன்னு நம்பர் போட்டு தனியா ஒரு நோட்டீஸ். நாங்க சாகுபடி பண்ற ஒம்போது மா (சுமார் மூணு ஏக்கர்) நிலத்துல அப்பாவோ எங்க ஆளுங்களோ தலையிடக் கூடாதுன்னு நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு ஒருத்தர் கேஸ் போட்ருக்கார். நிலம் இன்னிக்கு மார்க்கெட்ல நல்ல விலை போகும், அதுக்கு ஏன் முன்சீப் கோர்ட்டுன்னும் புரியல.

சித்தப்பா என்ன சொல்றார்னா முன்சீப் கோர்ட்லாம் சும்மா, அங்க என்ன ஆர்டர் ஆனாலும் மேல போயி உடைச்சுக்கலாம், இதுக்கு போயி அலையாம நேரா மதுரை ஹைகோர்ட்டுக்கு போயிடலாம்ங்கிறார். அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கோர்ட்டு படி ஏறினதே இல்ல, ராத்திரி தூக்கம் இல்லாம உக்காந்துருக்கார். அப்பா கண்டிப்பா நேர்ல போகணுமா, போகலன்னா என்ன ஆகும், இந்த கோர்ட் என்னதான் பண்ணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஒரத்தநாட்டான்

தம்பி, மொத வேலையா ஒரு வக்கீலை பாருங்க, போகாம மட்டும் இருந்துடாதீங்க. எங்க மச்சான் ஒருத்தர் இப்படித்தான் சம்மனை வாங்கி பரண்ல போட்டுட்டு, என் நிலம் என்கிட்ட இருக்கு எவன் என்ன பண்ணுவான்னு திரிஞ்சார். எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது இவர் வரலன்னு ஒருதலைப்பட்சமா, டிக்ரி (தீர்ப்பாணை) ஆகிடுச்சு. அப்புறம் அதை ரத்து பண்ண மனு, அது லேட்டானதுக்கு டிலே மனு, அதுக்கு ஒரு காஸ்ட்டு, கேஸோட ஒரிஜினல் விஷயத்தை பேசறதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா ஓடிடுச்சு.

நேர்ல போறதை பத்தி: சிவில் கேஸுக்கு வக்காலத்து போட்டுட்டா ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா போக வேண்டியதில்ல, வக்கீல் பாத்துக்குவார். சாட்சி சொல்ற அன்னைக்கு மட்டும் கண்டிப்பா போகணும். ஆனா முதல் வாய்தாவுக்கு ஒரு தடவை கூட்டிட்டு போயி காட்டிடுங்க, பயம் போயிடும். பத்தரை மணிக்கு உக்காருவாங்க, அன்னைக்கு லிஸ்ட்ல உள்ள கேஸ் பூரா ஒண்ணொண்ணா கூப்பிடுவாங்க, டவாலி வாசல்ல நின்னு பேரை மூணு தடவை சத்தமா கூப்பிடுவார், இவங்க கேஸ் வந்ததும் வக்கீல் எந்திரிச்சு ஏதோ சொல்லுவார், அடுத்த தேதி போடுவாங்க, முடிஞ்சுது. காலைல டிபன் சாப்டுட்டு போனா டீ நேரத்துக்குள்ள வெளிய வந்துடலாம். அதுக்கா இத்தனை நாள் தூங்கலன்னு அப்பாவே சிரிப்பார்.

பழைய குமாஸ்தா

நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து ரிட்டையர் ஆனவன். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம்னு எல்லா கோர்ட்டு வராண்டாவும் பாத்தாச்சு.

முதல்ல சித்தப்பா விஷயம். மேல கோர்ட்டுக்கு போறவன் எதை தூக்கிகிட்டு போறான்? முன்சீப் கோர்ட்டு கட்டைத்தான். வாதி என்ன சொன்னார், பிரதிவாதி என்ன சொன்னார், என்னென்ன ஆவணம் குறியீடு ஆச்சு, சாட்சி குறுக்கு விசாரணைல என்ன உளறுனாரு, இதெல்லாம் சேர்றது கீழதான். ஒரு மனுஷனை கூண்டுல ஏத்தி மூஞ்சிய பாத்து கேள்வி கேக்கறது அங்க மட்டும்தான் நடக்கும். அப்பீல்ல சப் கோர்ட்டு ஜட்ஜ் இந்த பேப்பரை படிச்சுத்தான் முடிவு பண்ணுவார், கீழ தாக்கல் பண்ணாம விட்ட பத்திரத்தை அங்க புதுசா நீட்டறதுக்கு தனி மனு போட்டு, ஏன் அப்பவே தரலன்னு காரணம் சொல்லணும், லேசுல விட மாட்டாங்க. அதுக்கும் மேல ஹைகோர்ட்ல இரண்டாவது அப்பீல்னா சட்டக் கேள்வி இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க, வரப்பு எங்க இருந்துச்சுன்னு அங்க போயி பேச முடியாது. அதனால "சும்மா கோர்ட்டு"ன்னு சித்தப்பா சொல்றாரே, அங்கதான் கேஸோட உசுரு இருக்கு.

சிவில் நடைமுறைச் சட்டம் 1908லயே 15-வது பிரிவு சொல்லிடுது, எந்த வழக்கா இருந்தாலும் அதை விசாரிக்க தகுதி உள்ள கோர்ட்டுலயே கீழ்ப்படில உள்ளதுலதான் போடணும்னு. நிலம் எந்த எல்லைல இருக்கோ அங்கதான் போடணும், அது 16-வது பிரிவு. மதிப்பு ஏற ஏற முன்சீப், சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டுன்னு போகும். நிலம் லட்சக்கணக்குல இருக்கே ஏன் முன்சீப்னு கேட்டீங்கள்ல, வாதி நிலத்தை கேக்கல, உறுத்துக்கட்டளை மட்டும் கேக்கறார், அதுக்கு பிராதுல அவர் போட்ருக்கற மதிப்பு கொஞ்சமாத்தான் இருக்கும், கடைசி பக்கத்துக்கு முன்னாடி மதிப்பீடுன்னு ஒரு பத்தி இருக்கும் பாருங்க.

இன்னொன்னு, மதுரைன்னு சொல்றாரே, உங்களுக்கு மதுரையே கிடையாது. மதுரைக் கிளை 2004ல வந்தப்போ தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் அங்க போச்சு, ஆனா திருவாரூர், நாகை பக்கம் சென்னையோடயே நின்னுடுச்சு. ஒரத்தநாட்டுக்காரருக்கு மதுரை, அவர் பக்கத்து தாலுகாவுல இருக்கற உங்களுக்கு சென்னை. பஸ்சுக்கு வேணா சித்தப்பா இப்பவே விசாரிச்சு வச்சுக்கட்டும் 🙂

நடைமுறை என்னன்னா, சம்மன் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள எதிருரை தாக்கல் பண்ணணும், காரணம் சொன்னா 90 வரைக்கும் நீட்டிப்பாங்க. ஐ.ஏ.ங்கறது வேற, அது கேஸ் முடியற வரைக்கும் தற்காலிகமா தடை கேட்டு போட்ருக்கறது, அதுக்கு தனியா கவுண்டர் (பதில் மனு) போடணும். நிறைய பேர் எதிருரைக்கு 30 நாள் இருக்கேன்னு அசால்ட்டா இருந்து ஐ.ஏ.வை கோட்டை விட்டுடுவாங்க, தடை கிடைச்சுடுச்சுன்னா நாத்து விட முடியாம உக்காந்துருக்கணும். அப்புறம் ஜட்ஜ் எழுவினா வனைவார், அதாவது ரெண்டு பேரும் எதுல ஒத்துப் போகலையோ அதை கேள்வியா எழுதி வைப்பார். அப்புறம் சாட்சி. முதல் விசாரணை இப்ப வாயால கிடையாது, பிரமாண வாக்குமூலமா எழுதி தாக்கல் பண்ணிடுவாங்க, குறுக்கு விசாரணைதான் நேர்ல. அப்புறம் வாதுரை, தீர்ப்பு.

குறுக்கு விசாரணையை சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு உறுத்துக்கட்டளை கேஸ்ல வாதி பத்திரம், பட்டா எல்லாம் பளிச்சுன்னு வச்சிருந்தார். எதிர்தரப்பு வக்கீல் ரொம்ப நேரம் பத்திரத்தை தொடவே இல்ல. நிலத்துக்கு தண்ணி எந்த வாய்க்கால்ல இருந்து வருது, மடை கிழக்கால இருக்கா மேற்கால இருக்கா, போன கோடைல உளுந்து தெளிச்சீங்களா பயறா, நாத்தங்கால் எந்த மூலைல போட்டீங்க, இதே மாதிரி கேட்டுகிட்டே போனார். அந்த மனுஷன் சென்னைல இருக்கறவர், பாவம், முழிச்சார். ஜட்ஜ் ஒவ்வொரு பதிலையும் தமிழ்லயே சொல்லி டைப்பிஸ்ட் அடிக்க அடிக்க வேடிக்கை பாத்த எங்களுக்கே தெரிஞ்சு போச்சு. உறுத்துக்கட்டளைக்கு வழக்கு போட்ட தேதில அனுபவம், அதாவது நிலம் யார் கைவசம் இருந்துச்சுங்கறதுதான் முக்கியம்.

இப்ப நான் கேக்கறேன், பட்டா யார் பேர்ல இருக்கு? "நாங்க சாகுபடி பண்ற நிலம்"னு எழுதிருக்கீங்க, "எங்க நிலம்"னு எழுதல.

வரப்போரம்

ஐயா ரொம்ப நன்றி. நீங்க கேட்டது சரிதான், நிலம் எங்களுது இல்ல, குத்தகை. தாத்தா காலத்துல இருந்து பண்றோம், எழுத்து எதுவும் கிடையாது, வாய்மொழிதான், வருஷா வருஷம் அறுத்ததும் நெல்லு அளந்துடுவோம். பழைய ஓனர் இறந்துட்டார், அவர் பசங்க வெளியூர்ல, அவங்க இப்ப ஒருத்தருக்கு வித்துட்டாங்க, வாங்குனவர்தான் கேஸ் போட்ருக்கார். பிராதுல எங்களை "நிலத்துக்கு எந்த சம்பந்தமும் இல்லாத மூன்றாம் நபர்"னு எழுதிருக்கார், அதை படிச்சுத்தான் அப்பா உடைஞ்சு போயிட்டார். குத்தகைன்னு சொன்னா நிலம் அவங்களுதுன்னு நாமளே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும், சொல்லாதீங்கன்னு ஊர்ல ஒருத்தர் சொன்னார், அதான் மொதல்ல எழுதல.

வக்கீலம்மா

அந்த ஊர்க்காரர் பேச்சை தயவுசெஞ்சு கேக்காதீங்க. உங்க கேஸ்ல உங்களுக்கு இருக்கற பெரிய பலமே குத்தகைதான், அதை மறைச்சுட்டு எதிருரை போட்டா கையில இருக்கறதையும் விட்டுடுவீங்க.

நம்ம டெல்டாவுக்கு இதுல ஒரு தனி வரலாறே இருக்கு. 1952ல தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் 1955ல சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அதுல 6-ஏன்னு ஒரு பிரிவு. நிலத்தோட சுவாதீனம் (கைவசம்) கேட்டோ, நிலம் சம்பந்தமா உறுத்துக்கட்டளை கேட்டோ சிவில் கோர்ட்ல வழக்கு இருக்கறப்போ, பிரதிவாதி அந்த சட்டப்படி சாகுபடி குத்தகைதாரர்தான்னு பிரமாண வாக்குமூலத்தாலயோ வேற விதமாவோ நிரூபிச்சுட்டா கோர்ட் அந்த விசாரணையை மேல நடத்தக் கூடாது, வருவாய்த்துறை அதிகாரிக்கு மாத்திடணும். நடைமுறைல அது வருவாய் நீதிமன்றம், தனித்துணை ஆட்சியர் உக்காருவார். அங்க போடற உத்தரவு மேல ஹைகோர்ட்ல சீராய்வு மனு போடலாம், அது 6-பி. சித்தப்பா ஆசைப்பட்ட ஹைகோர்ட் அப்படி வேணா வரலாம், ஆனா நேரா போயி நின்னா கீழ போயி சொல்லுங்கன்னு அனுப்பிடுவாங்க.

ஆனா "நாங்க குத்தகைதாரர்"னு வாயால சொன்னா மட்டும் பத்தாது. சட்டத்துல சாகுபடி குத்தகைதாரர்னா தானோ குடும்பத்து ஆளுங்களோ உடல் உழைப்பு போடணும், வெறும் ஆளை வச்சு பண்ணிட்டு ஊர் சுத்தறவருக்கு இது கிடையாது. அப்பா சேத்துல இறங்கறவர்தானே, அதை எதிருரைல தெளிவா எழுத சொல்லுங்க. எழுத்து இல்லன்னு கவலைப்படாதீங்க, வாய்மொழி குத்தகையையும் மத்த ஆவணங்களால காட்டலாம். அடங்கல்ல (வி.ஏ.ஓ. எழுதற சாகுபடிக் கணக்கு) அப்பா பேர் எந்த வருஷமாவது ஏறிருக்கான்னு பாருங்க. கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கிருப்பீங்க, பயிர் காப்பீட்டுக்கு பிரீமியம் கட்டிருப்பீங்க, டி.பி.சி.ல (நேரடி நெல் கொள்முதல் நிலையம்) நெல்லு போட்ட ரசீது இருக்கும், அதுக்கெல்லாம் வி.ஏ.ஓ. குடுத்த சாகுபடி சான்று இருக்கும். எல்லாத்தையும் பசலி (வருவாய்த்துறை கணக்கு வருஷம்) வாரியா அடுக்குங்க. பக்கத்து வயல்காரர் ஒருத்தர், மடை திறக்கறவர் ஒருத்தர் சாட்சிக்கு வந்தா ரொம்ப நல்லது. பழைய ஓனர் வீட்டுல இருந்து வாட்ஸாப்ல ஏதாவது பேசிருந்தா அழிச்சுடாதீங்க, அந்த போனையும் மாத்தாதீங்க, அதை தாக்கல் பண்ண சாட்சியச் சட்டத்துல தனியா சான்றிதழ் ஒண்ணு குடுக்கணும், வக்கீல் பாத்துக்குவார்.

நிலம் வித்துட்டதால குத்தகை போயிடாது, வாங்குனவர் குத்தகையோட சேத்துத்தான் வாங்குனதா அர்த்தம். 1969 சட்டப்படி குத்தகைதாரர் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல தாத்தா பேரோ அப்பா பேரோ ஏறிருக்கான்னு தாலுகா ஆபீஸ்ல பாருங்க, இல்லன்னா ஏத்த சொல்லி மனு போடுங்க. அதை முன்சீப் கோர்ட்ல கேக்க முடியாது, அந்த சட்டத்துலயே சிவில் கோர்ட்டுக்கு தடை இருக்கு. எந்த கோர்ட் எதை கேக்கலாம் எதை கேக்கக் கூடாதுங்கறது பாதி கேஸை முடிச்சுடும், அதை விட்டுட்டு நம்ம ஆளுங்க ஜட்ஜ் எப்படி, கண்டிப்பா நைஸான்னு விசாரிச்சுகிட்டு இருப்பாங்க.

கமிஷனர் போட சொல்லி எதிர்தரப்பு மனு போடலாம். வக்கீல் கமிஷனர் வந்து மடை, வரப்பு, பயிர் நிலைமை குறிச்சு பிளான் போடுவார், சர்வேயரும் வருவார். யார் அனுபவத்துல இருக்காங்கன்னு கண்டுபிடிக்கறதுக்காக கமிஷனர் போடக் கூடாதுன்னு ஹைகோர்ட் பல தீர்ப்புல சொல்லிருக்கு, அதனால அப்படி கேட்டா எதிர்க்கலாம். ஆனா கமிஷனர் வந்துட்டா சண்டை போடாதீங்க, கூடவே நடந்து காட்டுங்க, ஆட்சேபணை இருந்தா அப்புறம் எழுதிக் குடுக்கலாம்.

டெல்டா மைனர்

என்னங்க எல்லாரும் சட்டமா பேசறீங்க, நாலு பெரிய மனுஷங்களை வச்சு பேசி, நிலத்துல மூணுல ஒரு பங்கு குத்தகைதாரருக்கு மீதி ஓனருக்குன்னு முடிச்சுட்டு போறதுதானே நம்ம பக்கம் வழக்கம். கோர்ட்டுக்கு போயி ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்.

வக்கீலம்மா

பேசி முடிக்கறதை நான் வேணாம்னு சொல்லல, ஆனா கவுண்டர் போடாம பேச்சுவார்த்தைல உக்காராதீங்க, அந்தப் பக்கம் பேசிகிட்டே இருந்துட்டு இந்தப் பக்கம் எக்ஸ்பார்ட்டி தடை வாங்கிடுவாங்க. கோர்ட்டே 89-வது பிரிவுல சமரசத்துக்கு அனுப்பும், லோக் அதாலத்துலயும் முடிக்கலாம், அங்க ஆகற உத்தரவு டிக்ரிக்கு சமம், அப்பீல் கிடையாது, வாதி கட்டுன கோர்ட் ஃபீயும் அவருக்கு திரும்பி வந்துடும், அதனால அவருக்கும் ஒரு ஆசை இருக்கும். மரத்தடில பேசி வெள்ளை பேப்பர்ல எழுதறதை விட பேசுனதை கோர்ட்ல பதிவு பண்றது நல்லது. வக்கீல் ஃபீஸ் குடுக்க முடியலன்னா சட்டப்பணிகள் குழுல இலவசமா வக்கீல் போடுவாங்க, பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே கிடையாது, மத்தவங்களுக்கு வருமானம் பாப்பாங்க. ஹெல்ப்லைன் 15100.

சான் ஹோசே தம்பி

சும்மா ஒரு தகவலுக்கு. நான் திருத்துறைப்பூண்டி, இப்ப கலிபோர்னியா. இங்க கவுண்டி கவுண்டியா ஒரு சுப்பீரியர் கோர்ட், மொத்தம் 58 கவுண்டி. நம்ம ஊர்ல முன்சீப், சப், ஜில்லான்னு படியா இருக்கறதெல்லாம் இங்க ஒரே கோர்ட்டுக்குள்ள, கொலை கேஸ்ல இருந்து டிராபிக் டிக்கெட் வரைக்கும் அங்கதான். 12,500 டாலர் வரைக்கும் தனி ஆள் ஸ்மால் க்ளைம்ஸ்ல போடலாம், அதுல வக்கீல் ஆஜராகவே முடியாது, நாமளே பேசணும். ஜூரி டூட்டிக்கு சம்மன் வரும், சிட்டிசனா இருந்தா போயே ஆகணும். ஜட்ஜுங்க ஆறு வருஷத்துக்கு ஒருமுறை எலெக்‌ஷன்ல நிக்கணும், நான் ஓட்டு சீட்டுல ஜட்ஜ் பேரை பாத்து அசந்துட்டேன். ஆனா குமாஸ்தா ஐயா சொன்னது இங்கயும் அப்படியே, அப்பீல் கோர்ட்ல புது சாட்சி கிடையாது, கீழ பதிவானதுதான்.

பழைய குமாஸ்தா

இங்க முன்சீப் ஆகணும்னா டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதி வரணும் தம்பி, ஓட்டு கேட்டு வந்தா நம்ம ஊர்ல ஜட்ஜுக்கும் ஃப்ளெக்ஸ் வச்சுடுவான். பேச்சு வந்ததால சொல்றேன், மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாவல் எழுதுனவரா மட்டும் தெரியும் எல்லாருக்கும். அவர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம்னு இதே வேலை பாத்த முன்சீப்புதான், இங்கிலீஷ்ல இருந்த மேல் கோர்ட்டு தீர்ப்பையெல்லாம் ஜனங்களுக்கு புரியணும்னு 1860கள்லயே தமிழ்ல ஆக்குனவர். இன்னிக்கும் கீழ் கோர்ட்டுல சாட்சியம் தமிழ்லதான் பதிவாகுது, அப்பா தமிழ்லயே தைரியமா சொல்லலாம், தெரியாததை தெரியாதுன்னு சொல்லணும், அவ்ளோதான்.

வரப்போரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மன்னார்குடில ஒரு வக்கீலை பாத்து வக்காலத்து குடுத்தாச்சு, அவரும் 6-ஏ பத்தித்தான் பேசினார். ஐ.ஏ.வுக்கு கவுண்டர் ரெடி ஆகுது. சங்கத்துல பழைய லோன் லெட்ஜர் நகல் குடுக்கறேன்னு சொல்லிருக்காங்க, டி.பி.சி. ரசீது கொஞ்சம் கரையான் அரிச்சுருக்கு ஆனா நம்பர் தெரியுது. கேஸ் தேதியை எங்களால பாத்துக்க முடியுமா, இல்ல ஒவ்வொரு தடவையும் வக்கீலுக்கு போன் பண்ணணுமா? இன்னொரு சிக்கல், புது ஓனர் குத்தகை நெல்லை வாங்க மாட்டேங்கிறார், போன அறுப்புக்கு அளக்க போனப்ப நீ யாருன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டார். அதை என்ன பண்றது?

வக்கீலம்மா

தேதிக்கு இ-கோர்ட்ஸ் ஆப் போட்டுக்கோங்க, கேஸுக்கு 16 இலக்கத்துல சி.என்.ஆர். நம்பர் ஒண்ணு இருக்கும், வக்கீல்கிட்ட வாங்கி அதுல போட்டா அடுத்த வாய்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சு எல்லாம் வந்துடும். மே மாசம் சிவில் கோர்ட் லீவு, அந்த மாசம் தேதி காட்டலன்னு பதறாதீங்க.

குத்தகை விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க, இதுலதான் நிறைய பேர் மாட்றாங்க. அவர் வாங்காம இருக்கறதே நாளைக்கு குத்தகை பாக்கின்னு காட்டி வெளியேத்த மனு போடறதுக்குத்தான். 1955 சட்டத்துல 3-வது பிரிவுலயே வழி இருக்கு, ஓனர் வாங்க மறுத்தா தவணை தாண்டறதுக்குள்ள வருவாய் நீதிமன்றத்துல டெபாசிட் பண்ணலாம், நெல்லா குடுக்கறதுன்னா அன்னைக்கு மார்க்கெட் விலைக்கு பணமா கட்டணும். போன அறுப்புக்கு உள்ளதை இந்த வாரமே வக்கீலை வச்சு கட்ட பாருங்க, கூடவே நாங்க நெல்லு கொண்டு வந்தோம் நீங்க வாங்கலன்னு வாதிக்கு ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்ப சொல்லுங்க, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி வந்தா பத்திரம். கரையான் அரிச்ச ரசீதை லேமினேட் கீமினேட் பண்ணிடாதீங்க, அப்படியே பிளாஸ்டிக் கவர்ல போட்டு குடுங்க, கோர்ட்ல ஒரிஜினலைத்தான் பாப்பாங்க.